தம்பியை அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்துவிட்டோம்

மடவார் வளாகம்,
ஸ்ரீவில்லிபுத்தூர்.
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

அன்பு மகள் ஜெபாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய தயவில் இங்கே நாங்கள் மூன்று பேரும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் அங்கே நல்ல சாப்பாடும் நல்ல தூக்கமுமாக இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். அன்றாடம் போனில் பேசுகிறவளுக்கு அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நம் வீடு உனக்குத் தெரியாததா, ஒரு அறையும் அடுப்படியும்தான், நான் எவ்வளவு மெதுவாகப் பேசினாலும் உன் தம்பி காதில் விழுந்துவிடும். சொல்ல வேண்டியது அவனைப் பற்றித்தான். அவன் இப்போது அப்பாவோடு முடிவெட்டப் போயிருக்கிறான். வன்னியம்பட்டி ஜெபக்குமார் லீவு முடிந்து இந்த வாரம் மஸ்கட் திரும்புகிறான் என்று காலையில் கோயிலில் சொன்னார்கள், அவன் கையில் கொடுத்துவிட்டால் உன் ஆஸ்பத்திரியிலேயே கொண்டுவந்து தருவான். எழுத உட்கார்ந்து வெகுநேரம் ஆகிறது, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, கையும் ஓய்ந்துபோய் இருக்கிறது.

அப்பாவுக்குத் தோள்வலி அப்படியேதான் இருக்கிறது, மில்லில் இன்னும் நைட் ஷிப்டுதான் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனக்குப் பேண்டேஜ் கம்பெனியில் நின்றுகொண்டே ரோல் வெட்டுகிற வேலை, சாயங்காலம் ராஜபாளையத்தில் பஸ் ஏறும்போது காலில் பாதம் இருக்கிறதா என்று குனிந்து பார்க்கத் தோன்றும், அதிலும் நின்றுகொண்டே வந்தால் வீட்டுப்படி ஏறுவதற்குள் போதும்போதும் என்று ஆகிவிடுகிறது. இதைப் படித்துவிட்டு வேலையை விடச் சொல்லாதே. விட்டால் சும்மா உட்கார்ந்திருக்க எனக்குத் தெரியாது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதி படித்துவிட்டுக் கோபப்பட்டு மடித்து வைக்காமல் கடைசிவரை படி. ஆரோனை நீ தேடிப்பிடித்துச் சேர்த்த இங்கிலீஷ் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்துவிட்டோம். ஜூன் மாதத்திலிருந்து நம் தெருவுக்குப் பின்னால் இருக்கிற அரசுப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புப் படிக்கிறான். நீ போனில் கேட்கும்போதெல்லாம் ஸ்கூலுக்குப் போகிறான் என்றுதான் சொன்னேன், எந்த ஸ்கூல் என்று சொல்லவில்லை. அப்பாதான் சொல்ல வேண்டாம் என்றார், அவ அங்க ஒத்தையில கெடக்கா, கேட்டா மனசு ஒடஞ்சு போவா, பொறவு பாத்துக்கிடலாம் என்றார். பிறகு பிறகு என்று இத்தனை மாதம் தள்ளிப்போய்விட்டது.

நடந்ததைச் சொல்கிறேன். யு.கே.ஜி.யில் பாதி வருஷம் ஆனதும் எழுத்து வேலை அதிகமாகிவிட்டது. நாலு கோடு நோட்டில் சேர்த்தெழுத்து இங்கிலீஷ் ஒரு பக்கம், தமிழில் அ, ஆ ஒரு பக்கம், நம்பர் ஒரு பக்கம், தினமும் வீட்டில் எழுதிக்கொண்டு வர வேண்டும். நான் கம்பெனியிலிருந்து வந்து முகம் கழுவி உலை வைத்துவிட்டு அவனைப் பக்கத்தில் உட்காரவைப்பேன். பென்சிலை முஷ்டியில் பிடிப்பான், விரலைப் பிரித்து வைத்தால் அடுத்த எழுத்துக்குள் மறுபடி முஷ்டியாகிவிடும். அ போடச் சொன்னால் அந்த முதல் சுழியிலேயே நின்றுவிடுவான், அதற்கப்புறம் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அவனுக்குத் தெரியாது. நான் கையைப் பிடித்து எழுதவைப்பேன். அவன் கை என் கைக்குள் துணி மாதிரித் தொங்கும். கொஞ்ச நேரத்தில் அம்மா வலிக்கி, அம்மா வலிக்கி என்பான். எனக்கும் உட்கார்ந்தபடியே கண் இழுக்கும். சாதம் குழைந்துபோகும், அவன் அழுவான், நான் கத்துவேன், ஒரு பக்கம் முடிவதற்குள் அவன் நோட்டின் மேலேயே தூங்கிவிடுவான். மறுநாள் நோட்டில் மிஸ் சிவப்பு மையில் எழுதி அனுப்புவாள், கையெழுத்து மோசம், வீட்டில் கவனிப்பதில்லை என்று. கவனிப்பதில்லை என்ற அந்த வார்த்தையைப் பார்க்கும்போதெல்லாம் நோட்டை மூடிப் பைக்குள் வைத்துவிடுவேன்.

நீயும் அக்கறையில்தான் செய்தாய், நான் உன்னைக் குறை சொல்லவில்லை. புள்ளி வைத்த எழுத்துப் பயிற்சிப் புத்தகங்களை ஆன்லைனில் போட்டு அனுப்பினாய், டியூட்டி முடிந்ததும் வீடியோவில் வந்து எம்புட்டு எழுதுன, அக்காட்ட காட்டு என்று கேட்பாய். அவன் முதலில் ஓடி வந்தான். பிறகு பாத்ரூம் போகிறேன் என்றான். பிறகு போன் அடித்தாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். தூங்கிட்டான் என்று நான் உன்னிடம் சொன்ன நாளெல்லாம் அவன் கட்டிலுக்கு அடியில்தான் இருந்தான், ஜெபா. நீ காலேஜ் சேர்ந்த வருஷம் அவன் பிறந்தபோது இந்த வயதில் அம்மாவுக்குப் பிள்ளையா என்று கூச்சப்பட்டு ஹாஸ்டலை விட்டு வராமல் இருந்தாய், வந்து பார்த்த அன்றைக்கு அவனைக் கீழேயே இறக்கவில்லை. அவனுக்கு நடை பழக்கியது நீ. அந்தப் பிள்ளை உன் குரலுக்கு ஒளிந்துகொண்டதை உன்னிடம் எப்படிப் போனில் சொல்வது.

முழுப் பரீட்சைக்குக் கொஞ்சம் முன்னால் ஒருநாள் கம்பெனிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது, உங்கள் பையன் கையில் பெரிய கட்டோடு வந்திருக்கிறான், அடிபட்ட பிள்ளையைச் சொல்லாமல்கொள்ளாமல் எப்படி அனுப்புவீர்கள் என்றார்கள். காலையில் நான்தான் குளிப்பாட்டிச் சட்டை போட்டுவிட்டேன், ஒரு கீறல் இல்லை. சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு இருந்த கோலத்திலேயே பஸ் ஏறிவிட்டேன், வேன் மோதியிருக்குமோ, கதவில் நசுங்கியிருக்குமோ என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன். போய்ப் பார்த்தால் பெரிய மிஸ் அறையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். வலது கை, விரல் நுனியிலிருந்து முழங்கை வரைக்கும் வெள்ளை பேண்டேஜ். எங்கள் கம்பெனித் துணி. மிச்சம் விழுகிற துண்டு ரோலை அடுப்படியில் துடைக்க எடுத்து வருவேன் அல்லவா, அதில் ஒன்றைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய், வேனில் வருகிற பெரிய பிள்ளை ஒருத்தியிடம் அம்மா கட்டச் சொன்னாக என்று சொல்லிச் சுற்றிக்கொண்டிருக்கிறான்.

பெரிய மிஸ் எல்லாருக்கும் முன்னால் அதைப் பிரித்தாள். சுற்றுச் சுற்றாகக் கீழே விழுந்தது. உள்ளே ஒன்றும் இல்லை, வியர்த்துப்போன சின்னக் கை. வாசலில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் கையை டிரவுசருக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். எதுக்குப்பா இப்படிச் செஞ்ச என்று கேட்டதற்கு, அடிபட்டா எழுத வேண்டாம்ல என்றான். அவ்வளவுதான். பெரிய மிஸ் என்னிடம், இந்த வயசுலயே இம்புட்டுப் பொய், எழுத்தும் வரல, இவன ஒண்ணாங் கிளாஸுக்கு ஏத்த முடியாது, இன்னொரு வருசம் யு.கே.ஜி.யே படிக்கட்டும் என்றாள். எனக்கு அவனை அடிக்கக்கூடக் கை எழவில்லை. கீழே கிடந்த துணியைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு அவனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

நம் தெரு முனைக்கு வந்ததும் என் சேலையைப் பிடித்து நிறுத்தி, அம்மா, அக்காட்ட மட்டும் சொல்லாத என்றான். அப்பாவிடம் சொல்லாதே என்று சொல்லவில்லை, அவனுக்கு அப்பாவிடம் பயமில்லை. உன்னிடம்தான் பயம். உனக்குப் பிடிக்காமல் போய்விடுவோமோ என்று. இதை எழுதுவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, உனக்குப் படிக்க இன்னும் கஷ்டமாக இருக்கும், ஆனால் நீ தெரிந்துகொள்ளாவிட்டால் யார் தெரிந்துகொள்வது.

பிள்ளைகள் டாக்டரிடம் காட்டினோம். கையில் கோளாறு ஒன்றுமில்லை, விரலில் பலம் இன்னும் வரவில்லை, சில பிள்ளைகளுக்குக் கொஞ்சம் தாமதமாக வரும், போட்டு அழுத்தாதீர்கள் என்றார். அழுத்தாமல் எப்படி எழுதவைப்பது என்று கேட்க நினைத்தேன், அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

மே மாதம் அரசுப் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் பிள்ளை சேர்க்க வீடு வீடாக வந்தார்கள். அதில் ஒருத்தி பெயர் சிவரஞ்சனி, உன்னைவிடக் கொஞ்சம் மூத்தவளாக இருப்பாள், வத்திராயிருப்பிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறாள். எங்கள் பிள்ளை வேறு ஸ்கூலில் படிக்கிறான் என்று சொல்லி அனுப்பத்தான் வாசலுக்குப் போனேன். ஆரோன் வாசல் சிமெண்டுத் தரையில் செங்கல் துண்டால் பஸ் வரைந்துகொண்டிருந்தான். அந்த டீச்சர் வெயிலில் அப்படியே உட்கார்ந்து, இந்த பஸ்ஸு எங்கப்பா போவுது என்று கேட்டாள். வத்ராப்பு என்றான். போர்டு இல்லையே, எப்படித் தெரிஞ்சு ஏறுவாங்க என்றாள். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு பஸ்ஸின் நெற்றியில் கோணல்மாணலாக நாலைந்து கிறுக்கல் போட்டான். அதன் மேல் விரலை வைத்து இடமிருந்து வலமாக இழுத்துக்கொண்டே வத்-தி-ரா-யி-ருப்-பு என்று படித்தும் காட்டினான். எனக்கு வெட்கமாக இருந்தது, ஆறு வயது ஆகப்போகிற பிள்ளை கிறுக்கிவிட்டுப் படிக்கிறானே என்று. டீச்சர் எழுந்து என்னிடம் சொன்னாள், அக்கா, எழுத்துன்னா என்னன்னு இவனுக்குத் தெரிஞ்சிருக்கு, எந்த எழுத்துன்னுதான் இன்னும் தெரியல, அது வந்துரும் என்றாள். அந்த நோட்டில் அத்தனை மாதம் சிவப்பு மையைப் பார்த்தவளுக்கு அந்த வார்த்தை எப்படி இருந்திருக்கும் என்று நீயே நினைத்துக்கொள். செத்த நேரம் இருங்க டீச்சர் என்று உள்ளே போய்த் தண்ணீர் எடுத்து வந்தேன், கண்ணையும் துடைத்துக்கொண்டு வந்தேன்.

அன்றைக்கு அப்பாவோடு பெரிய வாக்குவாதம். ஊரே பிள்ளைய இங்கிலீஷ் ஸ்கூலுக்கு மாத்துது, நீ அங்கருந்து எடுக்கணும்ங்கிற, நாளைக்கு ஜெபா கேட்டா நான் என்ன பதில் சொல்ல என்றார். அவன் கையக் கட்டிட்டுப் போயி உக்காந்திருந்தத நீங்க பாக்கல, நான் பாத்தேன் என்றேன். அதற்குள் அவருக்கு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. மறுநாள் அவரே எழுந்து பள்ளிக்கூடம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டார். தெருவில் ரெண்டு பேர் கேட்டார்கள், ஏன் நிறுத்திட்டீங்க, பீஸ் கட்ட முடியலையா என்று. ஆமாம், முடியலை என்று சொல்லிவிட்டேன். உண்மைதானே.

சேர்த்த நாளே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. சிவரஞ்சனி டீச்சர் முதலில் வீட்டில் எதையும் பார்த்து எழுதவைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டாள். நிறுத்திவிட்டால் அப்புறம் எப்படித்தான் வரும் என்று எனக்குப் பயம். துணி அலசும்போது கைக்குட்டையை அவனிடம் கொடுத்துப் பிழியச் சொல்லுங்கள், சப்பாத்தி மாவு உருட்டச் சொல்லுங்கள், கடலை உரிக்கச் சொல்லுங்கள், விரலுக்குப் பலம் வந்தால் பென்சில் தானாக நிற்கும் என்றாள். முழுப் பென்சில் வேண்டாம், உடைந்த சின்னச் சாக்பீஸ் கொடுங்கள், அதை முஷ்டியில் பிடிக்கவே முடியாது, விரலால்தான் பிடித்தாக வேண்டும் என்றாள். உட்கார்ந்து குனிந்து எழுதுவதைவிட நின்றுகொண்டு சுவரில் எழுதினால் மணிக்கட்டு படியுமாம். அ, ஆவை ஓரமாக வைத்துவிட்டு நேர்கோடு அதிகமாக இருக்கிற ட, ப, ம இதிலிருந்து ஆரம்பித்தாள். மூன்றும் வந்த அன்றைக்கு அவனுக்குப் படம் என்று எழுதத் தெரிந்துவிட்டது, பட, பட, படம் என்று வீடு முழுக்கக் கத்திக்கொண்டு திரிந்தான், மேலே புள்ளியை மட்டும் எங்கேயாவது மறந்துவிடுவான்.

சுவரைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதற்கு வீட்டுக்கார அங்காளம்மாள் அக்கா வந்து ஒரு பாட்டம் பேசிவிட்டுப் போனார்கள். ஏட்டி செல்லக்கனி, இது வீடா பள்ளிக்கூடமா, காலி பண்ணும்போது வெள்ளையடிச்சுக் குடுத்துட்டுத்தான் போகணும் என்றார்கள். சரிக்கா என்றேன். இப்போது அடுப்படிச் சுவர் மட்டும் என்று அவனோடு ஒப்பந்தம், அதுவும் அவன் கை எட்டுகிற உயரம் வரைக்கும்தான். நான் சமைக்கும்போது பக்கத்தில் நின்று எழுதுவான், கரியும் சாக்பீஸுமாக ஒரே கோலம். துடைக்க எனக்கு நேரமும் இல்லை, தெம்பும் இல்லை. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இன்னொன்றும் அந்த டீச்சர் கேட்டாள், வீட்டுல நீங்க எழுதுறத அவன் பாத்திருக்கானா அக்கா என்று. யோசித்துப் பார்த்தேன். அப்பாவும் நானும் எதையுமே எழுதுவதில்லை, ஜெபா. போனில் பேசுகிறோம், போனையே தடவிக்கொண்டிருக்கிறோம். எழுத்து என்பது அவனை மட்டும் உட்காரவைத்துச் செய்யச் சொல்கிற தண்டனை என்று அவன் நினைத்ததில் என்ன தப்பு. அதன்பிறகு கடைக்கு வாங்க வேண்டிய சாமானை அவன் முன்னாலேயே வாயால் சொல்லிக்கொண்டே எழுதுகிறேன், உப்பு, பருப்பு என்று. அவனும் அவன் பங்குக்குக் கீழே ஏதாவது கிறுக்கி வைப்பான், கேட்டால் பிஸ்கட் என்பான். கடைக்காரர் ஹமீது பாய் அந்தக் கிறுக்கலையும் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, பிஸ்கட்டா, இந்தா என்று எடுத்துக் கொடுப்பார். எல்லா நாளும் இப்படி இல்லை. சில நாள் சாக்பீஸைத் தொடவே மாட்டான். சில நாள் நான் வந்த அசதியில் அவன் என்ன செய்கிறான் என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் படுத்துவிடுவேன். அவன் வகுப்பில் மற்ற பிள்ளைகள் முழு வரி எழுதுகிறார்கள், இவன் இன்னும் ஒரு வார்த்தை, ரெண்டு வார்த்தைதான். எனக்கு இன்னமும் கவலை இருக்கிறது, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன்.

அதனால் உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். போனில் அவனிடம் எழுதினாயா என்று கேட்காதே. பேண்டேஜ் விஷயம் உனக்குத் தெரியும் என்று எந்தக் காலத்திலும் காட்டிக்கொள்ளாதே, அவன் என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறான், நான் மீறித்தான் எழுதுகிறேன். என்ன சாப்பிட்டாய், எந்த பஸ் வரைந்தாய் என்று கேள். உன் ஆஸ்பத்திரியில் லிப்ட் எப்படிப் போகிறது என்று சொல், கேட்டுக்கொண்டே இருப்பான்.

நேற்று நடந்ததையும் சொல்லிவிட்டு முடிக்கிறேன். சனிக்கிழமை, அவனுக்கு லீவு, எனக்கும் கம்பெனி இல்லை. அப்பா ஷிப்ட் முடிந்து வந்து படுத்திருந்தார், மூன்று நாளாகத் தோள்வலியில் அவர் சரியாகவே தூங்கவில்லை. நான் பின்பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். மீன்காரப் பாண்டிசெல்வியின் மொபெட் சத்தம் தெரு முனையில் கேட்டது. அவள் தொண்டை உனக்குத் தெரியும், கண்மாய் மீனேய் என்று ஒரு குரல் கொடுத்தால் படுத்திருக்கிறவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். கையைக் கழுவிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். அதற்குள் வண்டி நம் வீட்டு முன்னால் வந்து நின்றுவிட்டது, ஆனால் குரல் வரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பாண்டிசெல்வி வண்டியை அணைத்துவிட்டு நம் கதவையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். வாய் மட்டும் அசைகிறது. பிறகு படியேறி வந்து ஜன்னல் பக்கம் குனிந்து, குசுகுசு என்று கேட்டாள், ஏக்கா, அண்ணாச்சி தூங்குதாகளா, எழுதிப் போட்டிருக்கே, நல்லவேளை பாத்தேன், கெண்டை இருக்கு, வேணுமா என்று.

நான் கதவைத் திறந்து வெளியே வந்து பார்த்தேன். கதவின் கீழ்ப்பாதியில் சாக்பீஸால் ஒரு ஆள் படுத்திருக்கிற படம். பக்கத்தில் ஒரு வாய், அதன் மேல் குறுக்காக ஒரு கோடு. அதற்குக் கீழே பெரிது பெரிதாக, ஏறியும் இறங்கியும், அபா தூகு என்று எழுதியிருக்கிறது. அந்த அ முதல் சுழியில் நிற்கவில்லை, சுற்றி வந்து காலை நீட்டி முடிந்திருக்கிறது. யாரும் எழுதச் சொல்லவில்லை. எப்போது எழுதினான் என்றுகூட எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தால் கதவுக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி நிற்கிறான். பாண்டிசெல்வி வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் தெரு முனை வரைக்கும் தள்ளிக்கொண்டே போவதை, அவள் திரும்பி மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றான். தான் எழுதியதை ஒரு ஆள் படித்து அதன்படி நடந்ததை அவன் அப்போதுதான் முதல்முதலாகப் பார்க்கிறான். அவன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஒற்றெழுத்து ரெண்டு விட்டுப்போயிருக்கிறது என்று எனக்கும் தெரியும், நான் வாயைத் திறக்கவில்லை. அவளிடம் வாங்கி வைத்திருந்த கெண்டை மீனோடு உள்ளே வந்தேன். அப்பா மத்தியானம் வரைக்கும் தூங்கினார்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்கிறது, முடிவெட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள் போலிருக்கிறது, முடித்துக்கொள்கிறேன். ஜெபக்குமாரிடம் பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கொடுத்துவிடுகிறேன், ரூமில் இருக்கிற பிள்ளைகளுக்கும் கொடு. தண்ணீர் நிறையக் குடி, டியூட்டியில் நின்றுகொண்டே இருக்காதே, கால் என்னை மாதிரி ஆகிவிடும். என் மேல் கோபம் இருந்தால் என்னிடம் திட்டு, அப்பாவைத் திட்டாதே. எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு, போகிற இடத்தில் எல்லாம் ஆண்டவர் உன்னோடு கூட நடப்பார், நோயாளிகள் மேல் நீ வைக்கிற கை குளிர்ந்த கையாக இருக்கட்டும்.

மறந்துவிடாதே, இந்த மாதம் முழுக்க அப்பாவுக்கு நைட் ஷிப்டுதான், காலை நேரத்தில் போன் போடாதே. கதவில் எழுதியிருக்கிறது.

இப்படிக்கு,
உன் அம்மா
ரா. செல்லக்கனி